‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலில் வரும் புகை எங்கிருந்து கிளம்பியது?

மண்டபம் மாணவன் (கேள்வி):

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் வசிக்கிறேன்; சில காலமாக இராமநாதபுரத்தில் ஒரு வகுப்பில் கிட்டார் கற்று வருகிறேன். கிட்டாரைக் கையில் எடுக்கும் எவரும் முதல் வாரத்திலேயே வாசித்துப் பார்ப்பது டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் தொடக்க மெட்டைத்தான் என்பதால், நானும் அதிலேயே தொடங்கினேன். மெட்டு கைக்கு வந்துவிட்டது. ஆனால் பாடல் எதைப் பற்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடுக்கடலில் கப்பல் எரிந்த கதை என்கிறார் ஒருவர். போர்க்காலத்துப் பாட்டு என்கிறார் இன்னொருவர். எங்கள் வகுப்பில் பலரும் இது கஞ்சாப் புகையைப் பற்றியது என்று உறுதியாக நம்புகிறார்கள்.

வரிகளை எடுத்துப் படித்தபோது எனக்குக் குழப்பம்தான் கூடியது. ஓர் ஊரின் பெயர் வருகிறது, ஃபிராங்க் ஜாப்பா என்ற இசைக்கலைஞரின் பெயர் வருகிறது, கிளாட் என்று ஒருவர் உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறார், கடைசியில் ஆள் இல்லாத ஒரு விடுதியும் சிவப்பு விளக்குகளும் பழைய கட்டில்களும் வருகின்றன. இவற்றுக்குள் என்ன தொடர்பு? எரிந்தது கரையிலா, நீரிலா? உயிர்ச்சேதம் உண்டா? மேலும், தீ பிடித்ததற்குக் காரணம் பிளேர் துப்பாக்கி என்று பாடல் சொல்கிறது. ஆபத்துக் காலத்தில் வானத்தை நோக்கிச் சுட வேண்டிய ஒன்றைக் கூரைக்குக் கீழே சுட்டால் என்ன ஆகும் என்பதைக் கப்பல் அனுபவம் உள்ளவர்கள் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

தொண்டி இசைத்தட்டு:

தம்பிக்கு வணக்கம். கப்பலும் இல்லை, போரும் இல்லை, கஞ்சாவும் இல்லை. எரிந்தது சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ நகரில், ஜெனீவா ஏரியின் கரையை ஒட்டி நின்ற கசினோ கட்டடம்; நாள் 1971 டிசம்பர் 4. பாடலில் வருவன எல்லாம் அந்த நாளிலும் அதற்கடுத்த இரண்டு மூன்று வாரங்களிலும் நடந்தவை. நடந்த வரிசையிலேயே அவை பாட்டில் இருக்கின்றன.

டீப் பர்ப்பிள் குழுவில் அப்போது இருந்தவர்கள் ஐவர்: பாடகர் இயன் கில்லன், கிட்டாரில் ரிச்சி பிளாக்மோர், ஆர்கனில் ஜான் லார்ட், பேஸ் கிட்டாரில் ரோஜர் குளோவர், டிரம்ஸில் இயன் பெய்ஸ். வழக்கமான ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைக்கும் அடங்கிய ஓசை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மேடையில் வாசிக்கும்போது எழும் முழக்கம் இசைத்தட்டிலும் வர வேண்டும் என்று விரும்பினார்கள். அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தை, அதாவது பதிவுக் கருவிகள் அனைத்தும் பொருத்தப்பட்ட ஒரு லாரியை, வாடகைக்கு எடுத்துக்கொண்டு மோன்த்ரூ வந்தார்கள். குளிர்காலத்தில் கசினோ மூடப்படும். மூடியபின் அதன் அரங்கம் முழுவதும் அவர்களுக்கு என்பது ஏற்பாடு. மூடுவதற்கு முன் நடக்கவிருந்த கடைசி நிகழ்ச்சிதான் ஃபிராங்க் ஜாப்பாவும் அவரது ‘மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன்’ குழுவும் நடத்திய பகல் கச்சேரி. டீப் பர்ப்பிள்காரர்களும் கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரி முடியும் தறுவாயில், ‘கிங் காங்’ என்ற உருப்படியில் சின்தசைசர் தனி வாசிப்பு தொடங்கியிருந்த நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர் மேற்கூரையை நோக்கிச் சுட்டார். கூரையின் உட்புறம் பிரம்பால் வேயப்பட்டிருந்தது. தீ முதலில் சிறிதாகத்தான் தெரிந்தது. மக்கள் ஓரளவு ஒழுங்காகவே வெளியேறத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதும் பற்றிக்கொண்டது. பாடலில் ஓடுகிறவர் கிளாட் நோப்ஸ். 1967-இல் மோன்த்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கியவர் அவர்தான். கசினோவுக்குள் பதுங்கிக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைத்து உள்ளே தங்கிவிட்ட இளைஞர்களை அவர் திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே இழுத்து வந்தார். காயமடைந்தவர்கள் உண்டு, இறந்தவர் ஒருவரும் இல்லை.

அன்று மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரியின் மேல் தள்ளிக்கொண்டு போனது. குழுவினர் ஏரிக்கரை விடுதியின் சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நம் பகுதியில் சீமைக்கருவேலங் கரிமூட்டம் போட்ட மறுநாள் விடியற்காலையில் கண்மாய்க்கரைப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. புகை மேலே போகாமல் நீர்மட்டத்தோடு படிந்து, பாய் விரித்தாற்போல் நகரும். சில நாட்கள் கழித்து ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது இந்தத் தலைப்பை வாய்விட்டுச் சொன்னாராம். கில்லனிடம் சொன்னபோது, போதைப்பொருள் பாட்டு போலத் தோன்றுகிறதே என்று குழுவில் தயங்கினார்கள். தாங்கள் மது அருந்தும் கூட்டமே தவிர அந்த வகை இல்லை என்பது அவர்கள் வாதம். ஆகவே உங்கள் வகுப்பு நண்பர்களுக்கு எழுந்த ஐயம் பாடலை எழுதியவர்களுக்கே முதலில் எழுந்ததுதான்.

---

கீழக்கரை மாலுமி:

சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் பிளேர் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கப்பலில் ஆபத்துக் காலத்துக்கென்று வைத்திருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பாரசூட் ராக்கெட்: சர்வதேச விதிப்படி அது குறைந்தது 300 மீட்டர் உயரம் போக வேண்டும், அங்கே சிறு குடை விரிந்து, 30,000 கேண்டெலா (ஒளிச்செறிவை அளக்கும் அலகு) ஒளியோடு 40 விநாடியாவது எரிய வேண்டும். மற்றொன்று கையில் பிடித்துக் காட்டும் பிளேர். அது 15,000 கேண்டெலா ஒளியோடு ஒரு நிமிடமாவது எரிய வேண்டும், பத்து சென்டிமீட்டர் ஆழ நீரில் பத்து விநாடி முக்கி எடுத்தாலும் அணையாமல் தொடர்ந்து எரிய வேண்டும். பாடலில் வரும் பிளேர் துப்பாக்கி இவற்றைவிடப் பழையது. தடித்த குழல் கொண்ட கைத்துப்பாக்கி, அதில் ஒளிரும் ரவையை அடைத்து மேல்நோக்கிச் சுடுவார்கள். கடல் இல்லாத சுவிட்சர்லாந்தில் இது எதற்கு என்று வியக்க வேண்டாம். ஏரிப் படகுகளிலும் மலையேறுகிறவர்களிடமும் இத்தகைய கருவிகள் இருப்பது இயல்புதான்.

எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் பிளேரின் மருந்துக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சிவப்பு நிறத்துக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு, வெப்பத்துக்கும் ஒளிக்கும் மக்னீசியத் தூள், ஆக்சிஜன் தருவதற்கு நைட்ரேட் அல்லது பெர்குளோரேட் வகை உப்பு. ஆகவே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியோ சாக்கைப் போட்டு மூடியோ அதை அணைத்துவிட முடியாது. பயிற்சியின்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்த ஒரு பாடம் உண்டு: கைப் பிளேரைக் காற்று போகும் பக்கமாக, கையை நீட்டி, படகின் விளிம்புக்கு வெளியே பிடிக்க வேண்டும். ஏனென்றால் அது எரியும்போது அடியிலிருந்து உருகிய கசடு சொட்டும். ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் உயிர்காக்கும் படகின் மேற்பாயில் நாணய அளவுக்கு ஓட்டை விழும், அருகில் இருப்பவர் தோலையும் விடாது.

அப்படிப்பட்ட ஒன்று, பல ஆண்டு உலர்ந்த பிரம்புக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் பேச வேண்டியதே இல்லை. வானத்தில் உயரே போக வேண்டிய ரவை கூரையிலேயே தடைப்பட்டு நிற்கிறது. மருந்து முழுவதும் ஒரே இடத்தில் எரிந்து தீர்கிறது. அதோடு, தீ கீழே தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கூரையில் தொடங்கினால் புகையும் வெப்பமும் மேலேயே தங்கி, கீழே இருப்பவர்களுக்கு நிலைமை புரிவதற்குள் கூரை முழுவதும் ஓடிவிடும்.

ஜாப்பா தம் நினைவுகளில் இதைப் பிளேர் துப்பாக்கி என்று சொல்லவில்லை. புட்டியில் வைத்து விடும் ராக்கெட் வாணமோ மத்தாப்புக் குழாயோ என்றுதான் எழுதுகிறார், மின்கம்பிப் பழுது என்று சொல்பவர்களும் உண்டு என்கிறார். பிரம்புக் கூரைக்கு வாணமே போதும் என்பது என் கருத்து. ஆனால் பாடல் ஊர் ஊராய்ப் போய்விட்டதால் பிளேர் துப்பாக்கிதான் நிலைத்தது.

---

மண்டபம் மாணவன்:

தொண்டி ஐயாவுக்கும் கீழக்கரைக் காக்காவுக்கும் மிக்க நன்றி. தீ வரை தெளிவாகிவிட்டது. அரங்கம் எரிந்துபோன பிறகு அவர்கள் பதிவை எங்கே செய்தார்கள், சிவப்பு விளக்கும் கட்டிலும் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் புரியவில்லை. அந்தத் தொடக்க மெட்டு தீ விபத்துக்குப் பிறகு, அதை நினைத்து அமைக்கப்பட்டதா?

---

இராமநாதபுரம் கிட்டார் ஆசிரியர்:

இல்லை, தீயை நினைத்து அமைத்த மெட்டு அல்ல. பாடல் வரிகள் தோன்றுவதற்கு முன்பே மெட்டு பதிவாகிவிட்டது.

கசினோ போனபின் நோப்ஸ் அவர்களுக்கு நகரின் நடுவே இருந்த பெவிலியன் என்ற அரங்கத்தைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே இரவில் பதிவைத் தொடங்கினார்கள். அடைத்த சன்னல் வழியாகவும் ஊர் முழுக்கக் கேட்கும் அளவுக்கு வாசிக்கிறவர்கள் அவர்கள். அக்கம்பக்கத்தார் முறையிட, காவல்துறையினர் வந்து கதவைத் தட்டினார்கள். கருவிகளைச் சுமந்துவந்த உதவியாளர்கள் கதவைத் திறக்கவிடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடித்துக்கொள்ள, அந்த இடைவெளியில் ஒரே ஒரு உருப்படியின் இசைப்பகுதியை முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர்கூட இல்லை. ‘தலைப்பு எண் 1’ என்று பெட்டியில் எழுதி வைத்தார்கள். உலகத்தில் கிட்டார் விற்கும் கடைகளில் எல்லாம் இன்று வாடிக்கையாளர்கள் வாசித்துக் கடைக்காரரைச் சலிப்படையச் செய்யும் அந்த மெட்டு அதில்தான் இருக்கிறது.

பெவிலியனிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்துக் கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த பெரிய விடுதி. அதன் நடைகூடத்தின் ஒரு முனையில் கருவிகளை அடுக்கி, எதிரொலியைக் குறைக்க மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். பாட்டில் வரும் கட்டிலும் விளக்கும் இவைதான். பதிவு லாரி வெளியே நின்றது. வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகளையும் மாடிமுகப்புகளையும் தாண்டிப் பனியில் நடந்து போக வேண்டும். அலைச்சல் பொறுக்காமல், நன்றாக வந்தது என்று தோன்றினால் திரும்பக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். இப்படிப் பதிவான ‘மெஷின் ஹெட்’ தொகுப்பின் உயிரோட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். இன்று ஒரு வரியை நாற்பது தடவை திருத்திப் பதிவு செய்கிறவர்கள் அந்தத் தட்டை ஒருமுறை கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் இசைத்தட்டின் நீளத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. அப்போதுதான் பெவிலியனில் பதிந்த ‘தலைப்பு எண் 1’ நினைவுக்கு வந்தது. அதற்கு வரிகள் வேண்டும். குளோவரிடம் தலைப்பு இருந்தது. தங்களுக்கு நேர்ந்ததை அப்படியே எழுதிப் பாடினார்கள். இடத்தை நிரப்பச் சேர்த்த பாட்டு இது.

மெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தவறாகத்தான் வாசிக்கிறார்கள். ஜி மைனர் சுருதியில் அமைந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் துணைச் சுரம் உண்டு. அது சட்ஜமத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியில், முதன்மைச் சுரத்துக்குக் கீழே ஒலிக்கிறது. பவர் கார்டு (இரு சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் முறை) கற்றவர்கள் பழக்கதோஷத்தில் சட்ஜம பஞ்சம இடைவெளியில் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் மெட்டு கனமாகக் கேட்குமே தவிர அந்தக் கூர்மை வராது. எளிய வழி: மூன்றாம், நான்காம் கம்பிகளைச் சேர்த்துப் பிடியுங்கள். திறந்த கம்பி, மூன்றாம் கட்டை (ஃபிரெட்), ஐந்தாம் கட்டை. மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஆறு, ஐந்து. மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்த கம்பி. இன்னொன்று, பிளாக்மோர் இதற்குப் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) பயன்படுத்துவதில்லை. இரண்டு கம்பிகளையும் இரண்டு விரல்களால் ஒரே நேரத்தில் இழுத்துவிடுகிறார். பிக்கால் உரசினால் ஒரு கம்பி முந்தியும் மற்றது பிந்தியும் ஒலிக்கும். ஒரு முறை விரலால் வாசித்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் இதே மெட்டைக் கிட்டாரோடு சேர்ந்து வாசிக்கிறது. அந்த ஆர்கனையும் கிட்டாருக்குரிய மார்ஷல் ஒலிபெருக்கி வழியாக முரமுரப்பாக்கியிருக்கிறார். கிட்டார் தனியே ஒலித்து, சிம்பல் சேர்ந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கருவிகள் வந்து நிறையும் அந்தத் தொடக்கத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை.

---

இராமேசுவரம் வாசகர்:

இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு எங்கள் கரையில் உள்ளூர் நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்ட காலத்திலிருந்தே இத்தகைய பாடல்களைக் கேட்டு வருகிறேன். மெட்டைப் பற்றி ஆசிரியர் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் வரிகளைப் பற்றிப் பேசும்போது நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஊருக்குப் போனோம், தீப்பிடித்தது, ஒருவர் காப்பாற்றினார், வேறு இடம் தேடினோம் என்பது செய்தித்தாளில் வரும் ஒரு பத்தி. இதில் கவிதை எங்கே இருக்கிறது? மெட்டு தூக்கி நிறுத்தாவிட்டால் இந்த வரிகளை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

---

தொண்டி இசைத்தட்டு:

இராமேசுவரத்து அன்பருக்கு: செய்தி என்று நீங்கள் குறையாகச் சொல்வதைத்தான் நான் நிறைவாகக் காண்கிறேன். நம் ஊர்ச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் ஒருகாலத்தில் காலணா, அரையணா விலைக்கு விற்ற சிந்துப் புத்தகங்களை நினைத்துப் பாருங்கள். கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து, புயல், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் சில நாட்களில் அது பாட்டாகிவிடும். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் யார் என்று பெயரோடு பாடுவார்கள். கேட்கிறவர்களுக்கு உவமையும் உருவகமும் தேவைப்படவில்லை. நடந்தது என்ன என்பது தேவைப்பட்டது. எழுபதுகளின் ராக் குழுக்களில் பல, பொருள் விளங்காத மாயக்கதைகளைப் பாடிக்கொண்டிருந்தன. இவர்கள் பெயர், இடம், காரணம், விளைவு என்று சிந்துக்காரரைப் போலவே பாடினார்கள். தங்களுக்குத் தெரியாததை அதில் சேர்க்கவில்லை. சுட்டவர் யார் என்று பெயர் சொல்லாமல், அறிவற்ற ஒருவர் என்று திட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த ஒரு வரியில்தான் பாடலில் கோபம் தெரிகிறது.

ஆனால் பாடல் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. டீப் பர்ப்பிள் இழந்தது பதிவு செய்யும் இடத்தை மட்டுமே. ஜாப்பா குழுவினர் தங்கள் கருவிகள் அனைத்தையும் தீயில் இழந்தார்கள். வாடகைக் கருவிகளோடு லண்டன் போய், டிசம்பர் 10 அன்று ரெயின்போ அரங்கில் வாசித்தார்கள். அங்கே பார்வையாளர் ஒருவர் மேடையேறி ஜாப்பாவை வாத்தியக்குழு அமரும் பள்ளத்தில் தள்ளிவிட்டார். காலும் விலாவும் முறிந்து, குரல்வளை நசுங்கி, நெடுநாள் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்தது. பிறகு அவருடைய குரலே தாழ்ந்துவிட்டது. ஒரே வாரத்துக்குள் இரண்டும். பாடல் உருவான நாட்களிலேயே இது நடந்தும், அவர் பாட்டில் கச்சேரி செய்தவராக ஒரு வரியோடு நின்றுவிட்டார். பாடலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாட்சி சொல்கிறவர் தம் கண்ணுக்கு எட்டியதைத்தான் சொல்ல முடியும். கதையைக் கேட்கிற நாம் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிற்காலச் செய்திகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச்சில் வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இந்தப் பாடல் தனித்தட்டாக வெளிவரவே அடுத்த ஆண்டு ஆகிவிட்டது. 1973-இல் அமெரிக்காவில் நான்காம் இடம் வரை போனது. முதலில் கேட்டபோதே இது பெரிய வெற்றி பெறும் என்று சொன்னவர் கிளாட் நோப்ஸ். குழுவினர் அதை நம்பவில்லை. கசினோவைத் திரும்பக் கட்டி 1975-இல் திறந்தார்கள். ஏரிக்கரையில் இப்போது இந்தப் பாடலுக்கென்று ஒரு நினைவுச் சிற்பம், மெட்டின் சுரக்குறிப்போடு நிற்கிறது. 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நிவாரண நிதி திரட்டுவதற்காகப் பல குழுக்களின் கலைஞர்கள் சேர்ந்து மறுபதிவு செய்த பாடலும் இதுதான். கில்லனும் பிளாக்மோரும் அதில் இருந்தார்கள்.

தம்பி, தொகுப்பில் உள்ள பதிவைக் கேட்டு முடித்தபின் ‘மேட் இன் ஜப்பான்’ தொகுப்பில் உள்ள மேடைப் பதிவையும் தேடிக் கேளுங்கள். 1972 ஆகஸ்டில் பதிவானது. மெட்டின் தொடக்கத்தில் பிளாக்மோர் வேண்டுமென்றே தாளத்தைச் சற்றுப் புரட்டி வாசிக்க, கூட்டம் கைதட்டத் தொடங்கித் தடுமாறுவது அதில் கேட்கும். உங்கள் ஆசிரியர் சொன்ன இரு விரல் முறையை அதோடு சேர்ந்து பழகலாம்.